உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்குப் பாலிஷர்: எந்த மெஷின், எத்தனை பேட்?

பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கிப் பாலிஷர் வாங்கப் போகிறீர்களா? மெஷினுக்கு ஆறாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதி நாலாயிரம், மெஷினில் ஒட்டித் தேய்க்கும் வட்டப் பஞ்சான பேடுக்கும், அதில் பூசும் தேய்ப்புப் பசையான காம்பவுண்டுக்கும், துணிக்கும் வேண்டும். எடுத்ததுமே இதைச் சொல்லக் காரணம், நான் தலைகீழாகச் செய்துவிட்டு முழித்தவன். இருந்த காசு மொத்தத்தையும் மெஷினில் போட்டேன். பெட்டியோடு இரண்டு பேட் வந்தது. டிரைவர் பக்கக் கதவு முடிவதற்குள் முதல் பேடில் காம்பவுண்டும் பெயின்ட் தூளும் சேர்ந்து அடைத்து, காய்ந்த தோசை மாவு மாதிரி இறுகிவிட்டது. இரண்டாவது பானட்டில் பாதி வரை தாங்கியது. சாயங்காலம் வெயில் சாய்ந்த நேரத்தில் பார்த்தால், பாதிப் பானட்டில் முகம் தெரிகிறது, மீதிப் பாதி அடுப்புப் புகை படிந்த மாதிரி நிற்கிறது.

வீடு ராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே உச்சிப்புளியில். வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். வாசலில் நிற்பவை ஒரு வெள்ளை டிசையர், தம்பியின் கறுநீல எர்டிகா, மனைவியின் கறுப்பு ஸ்கூட்டர், அப்பா விடமாட்டேன் என்று வைத்திருக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல். இந்த நாலையும் வைத்துக் கற்றதுதான் கீழே இருப்பது. ஷோரூம் வண்டிக்கு எழுதியதல்ல. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிப்போய், மணலோடு திரும்பி வரும் வண்டிக்கு எழுதியது.

முதலில் எதைத் தேய்க்கப் போகிறோம்?

வண்டியின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர்கோட். பெரும்பாலான வண்டிகளில் அதன் கனம் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். ஆக, முடியை விட மெல்லிய ஒரு தோல்தான் உப்புக்கும் வெயிலுக்கும் நடுவே நிற்கிறது. பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதல்ல. கீறலைச் சுற்றியுள்ள தோலைச் சீவி, கீறலின் ஆழத்துக்கு இறக்குவது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும், திரும்ப வராது.

பெங்களூரில் ஒருவர் வருடத்துக்கு இரண்டு முறை காம்பவுண்ட் போட்டாலும் அவர் கவலை அவருக்கு. பாம்பன் பாலத்தையே பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குக் கடைசி வரை பெரிய எதிரி துருதான். அந்தக் காற்றுதான் நம் வண்டி மேலும் ராப்பகலாக அடிக்கிறது. கிளியர்கோட் இங்கே சேமிப்புக் கணக்கு மாதிரி. எடுக்கலாம், போட முடியாது. கீழே நான் சொல்லும் தேர்வுகள் எல்லாமே, குறைவாக எடுத்து நன்றாகத் தெரிய வைப்பது எப்படி என்ற கணக்கில்தான் இருக்கும்.

இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்

வாங்கும் முன், வண்டிக்கு என்ன நோய் என்று பார்க்க வேண்டும். கழுவித் துடைத்த வண்டியை இரவில் விளக்கில்லாத இடத்தில் நிறுத்தி, செல்போன் டார்ச்சைப் பானட்டுக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது சுழல் கீறல். மணல் படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் தட்டித் துடைத்ததன் பலன். வீட்டில் பழைய வேட்டி, வாட்டர் சர்வீஸில் பனியன் வேஸ்ட். இரண்டும் செய்வது ஒரே வேலைதான்.

கதவின் நடுவில் நீளமாக, ஒரு பக்கம் மட்டும் கோடுகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சீமைக் கருவேலம். எதிரே பஸ் வரும்போது ஓரம் ஒதுங்கினால் முள் கையெழுத்துப் போட்டுவிடும். அந்தக் கோட்டின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டுப்பட்டால் அது பாலிஷில் போகாது. போக வைக்க முயன்றால் கிளியர்கோட்தான் போகும். எங்கள் டிசையரின் இடது பின்கதவில் அப்படி ஒரு கோடு இன்னும் இருக்கிறது. சுற்றியுள்ளதைப் பாலிஷ் போட்டு, அதன் விளிம்பை மட்டும் மழுக்கி விட்டேன். ஆறடி தள்ளி நின்றால் தெரியாது.

மூன்றாவது, வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்ப் புள்ளிகள். நம் போர் தண்ணீர் சவர். வெயிலில் காய்ந்தால் உப்பையும் சுண்ணாம்பையும் விட்டுவிட்டுப் போகும். இதற்கு நேராகப் பாலிஷரை எடுக்காதீர்கள். வினிகரில் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து, நிழலில், மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். முக்கால்வாசி போய்விடும்.

மெஷின்: நாலு வகை, நமக்கு ஒன்று

முதலில் வாங்கக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடையில் ஆங்கிள் கிரைண்டருக்கு மாட்டும் ஸ்பாஞ்ச் பேட் தொங்கும். "இதையே போட்டுக்கங்கண்ணே, எதுக்குத் தனி மெஷின்?" என்பார் கடைக்காரர். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடுவது. பெயின்டுக்கு 2,000 சுற்றே அதிகம். தச்சர்கள் வைத்திருக்கும் ஆர்பிட்டல் சாண்டரும் உதவாது. அதன் வட்ட அசைவு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், கை நடுங்குமே தவிரப் பளபளப்பு வராது.

அடுத்தது ரோட்டரி. பெயின்டிங் ஷெட்டில் பார்ப்பீர்களே, ஒரே அச்சில் சுற்றுவது. 600 முதல் 3,000 சுற்று வரை போகும். கை தேர்ந்த பெயின்டர் இதில் வித்தையே காட்டுவார். ஆனால் சூடு முழுவதும் ஒரே வட்டத்தில் விழுகிறது. ஆறு அங்குலப் பேட் 1,500 சுற்றில் ஓடினால் அதன் ஓரம் நிமிடத்துக்கு 700 மீட்டர் பெயின்டைத் தேய்க்கிறது. கை இரண்டு விநாடி நின்றால் போச்சு. எர்டிகாவை ஒருமுறை ரப்பிங் பாலிஷுக்கு விட்டோம். கடைப் பேர் வேண்டாம். திரும்பி வந்தபோது முன் ஃபெண்டரின் மடிப்பில் அரை விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, எட்டிப் பார்த்தது. மடிப்பிலும் விளிம்பிலும் பெயின்ட் எப்போதும் மெல்லியதாகத்தான் படியும், ரோட்டரி அங்கேதான் கடிக்கும். கேட்டதற்கு, "அது முன்னாடியே இருந்ததுங்க" என்றார்கள்.

மூன்றாவது, டூயல் ஆக்‌ஷன். சுருக்கமாக டி.ஏ. பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே ஒரு சின்ன வட்டத்திலும் ஆடும். பூமி தானும் சுற்றி, சூரியனையும் சுற்றுகிற மாதிரி. முக்கியமான விஷயம், சுழற்சிக்குக் கியர் கிடையாது. அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்று, அதிர்வு மட்டும் மிஞ்சும். குறை மாதிரித் தோன்றும். வீட்டில் செய்கிறவனுக்கு அதுதான் காவல். தப்பு செய்தால் மெஷினே நின்றுவிடுகிறது.

நாலாவது, கியர் வைத்த டி.ஏ. அழுத்தினாலும் நிற்காமல் சுற்றும். வளைவுகளில் நன்றாக வெட்டும், அதே அளவுக்குச் சூடும் உதறலும். தொழிலாகச் செய்கிறவர்களுக்கு நல்லது. நமக்கு மூன்றாவது போதும்.

டி.ஏ. என்று முடிவான பிறகு பெட்டியில் 8, 12, 15, 21 என்று மில்லிமீட்டர் போட்டிருக்கும். த்ரோ என்பார்கள். பேட் ஆடும் அந்தச் சின்ன வட்டத்தின் குறுக்களவு அது. 8 மி.மீ. என்றால் ஒரு ஆட்டத்துக்குப் பேட் 25 மி.மீ. நகர்கிறது. 15 என்றால் 47 மி.மீ., 21 என்றால் 66. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு மெஷினில் 15 மி.மீ. மெஷின் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை செய்கிறது. அப்படியென்றால் 21-ஐயே வாங்கிவிடலாமே? அதுதான் இல்லை. த்ரோ கூடக் கூட வளைவில் சுழற்சி நின்றுபோகும். எர்டிகாவின் கூரைக்கும் பானட்டுக்கும் 21 மி.மீ. அருமையாக இருக்கும். கதவுக் கைப்பிடிக்குக் கீழே அதையே வைத்தால் வெறுமனே நடுங்கும்.

என் தேர்வு இது. வீட்டில் எர்டிகா, இன்னோவா மாதிரி பெரிய வண்டி இருந்தால், ஐந்து அங்குல பேக்கிங் பிளேட்டோடு (பேடை ஒட்டும் தட்டு) 15 மி.மீ. சின்ன காரும் ஸ்கூட்டரும் மட்டும் என்றால் அதே ஐந்து அங்குலத்தில் 8 அல்லது 9 மி.மீ. ஆறு அங்குலப் பிளேட் வேண்டாம். இந்தக் காலத்து வண்டிகளில் ஆறு அங்குலத்துக்குச் சமதளம் கிடைப்பதே அபூர்வம். பம்பர், கண்ணாடி முதுகு, ஸ்கூட்டர் முகப்பு இவற்றுக்கு மூன்று அங்குலச் சின்ன மெஷினைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை. அதுவரை அந்த இடங்களை ஒரு சின்னப் பேடைக் கையில் பிடித்துத் தேய்த்தாலே போதும்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டரை கிலோ வரை கை தாங்கும், மூன்றைத் தாண்டினால் கதவுப் பக்கத்தைப் போடும்போது தோள் கழன்றுவிடும். வேகத்துக்கு ஆறு படி திருகி இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் குதிக்காமல் மெல்ல வேகமெடுக்க வேண்டும். மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், உப்புக் காற்று ஊரில் அது முதலில் போகும். பேக்கிங் பிளேட்டின் மரை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ரோட்டரிக்குப் பெரும்பாலும் எம்14, டி.ஏ.வுக்கு எம்8 அல்லது 5/16 அங்குலம். இதைப் பார்க்காமல் பிளேட் வாங்கி, இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வளைகுடாவிலிருந்து வருகிறவரிடம் மெஷின் சொல்லிவிடுவது நம் வழக்கம். துபாய் மின்சாரமும் நம்முடையதும் ஏறக்குறைய ஒன்றுதான், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் கால்தான் வேறு, அடாப்டர் போதும். அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் மெஷின் வந்தால்தான் சிக்கல். தெரிந்தவர் ஒருவர் மாப்பிள்ளை கொண்டுவந்த மெஷினைப் பெருமையாக எடுத்துவர, எங்கள் எலெக்ட்ரீஷியன் அடியில் ஒட்டியிருந்த எழுத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அண்ணே, இதை இங்க சொருகுனா பாலிஷ் வராது, பொகதான் வரும்."

பேட்: காசு இங்கேதான் போக வேண்டும்

மெஷின் சுற்றுவதற்கு மட்டும்தான். பெயின்டைத் தொடுவது பேட். ஒரே மெஷின், ஒரே காம்பவுண்ட், பேடை மட்டும் மாற்றினால் வேலை மொத்தமாக மாறிவிடும்.

ஃபோம் பேடில் மூன்று தரம். கட்டியானது கட்டிங், நடுத்தரம் பாலிஷிங், மெத்தென்று இருப்பது ஃபினிஷிங். நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் மஞ்சள் கட்டிங் ஆக இருக்கும், இன்னொன்றின் மஞ்சள் ஃபினிஷிங்குக்குப் பக்கத்தில் நிற்கும். பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பழைய ரஸ்க் மாதிரி எதிர்த்தால் கட்டிங், பன் மாதிரி அமுங்கி மெல்ல எழுந்தால் பாலிஷிங், பஞ்சு மிட்டாய் மாதிரிப் போனால் ஃபினிஷிங். வாங்கி வந்ததும் முதுகில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அழுக்கேறிய பிறகு நிறமே தெரியாது.

மைக்ரோஃபைபர் பேடும் ஆட்டுரோமப் பேடும் வேகமாக வெட்டும். மணல்காகிதம் போட்ட இடத்துக்கும், கிளியர்கோட் கெட்டியான ஜெர்மன் வண்டிகளுக்கும் அவை சரி. நம் வீடுகளில் நிற்கும் மாருதி, டொயோட்டா, ஹோண்டா வண்டிகளில் கிளியர்கோட் பொதுவாக மென்மை. வேகமாக வெட்டியதை மறுபடி சமன்செய்ய இன்னொரு சுற்று போட வேண்டிவரும், அதிலும் கொஞ்சம் தோல் போகும். அதனால் ஃபோமையே சொல்கிறேன்.

அளவு பிளேட்டை விட அரை அங்குலம் பெரிதாக இருக்கட்டும். ஐந்து அங்குலப் பிளேட்டுக்கு ஐந்தரைப் பேட். சமமாக இருந்தால் பேட் கொஞ்சம் விலகி ஒட்டினாலும் பிளேட்டின் ஓரம் கதவில் இடிக்கும். கனமும் முக்கியம். ஒன்றரை அங்குலக் கனப் பேட் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மெஷினின் ஆட்டத்தையெல்லாம் தானே விழுங்கிவிடும். ஓர் அங்குலமே நல்லது. நடுவில் ஓட்டை உள்ளது கிடைத்தால் அதை எடுங்கள், சூடு சேருமிடம் நடுப்பகுதிதான்.

எண்ணிக்கை? ஒரு டிசையருக்குப் பாலிஷிங் நாலு, கட்டிங் இரண்டு, ஃபினிஷிங் இரண்டு. கதவு, ஃபெண்டர் என்று ஒரு பகுதிக்கோ இரண்டுக்கோ ஒரு பேட் என்பது கணக்கு. அடைத்த பேட் வெட்டாது, சூடாக்கும். இடையில் ஒரு பேடைக் கழுவிக் காயவைத்துப் போட முடியாது, ஈரப் பேட் காம்பவுண்டை நீர்த்துப்போக வைத்துத் தெறிக்கும். கட்டிங் இரண்டும் பெரும்பாலும் பையிலேயே தூங்கும். தூங்கட்டும்.

காம்பவுண்ட் பற்றிச் சுருக்கமாக. 3எம், மெகுவையர்ஸ், மென்செர்னா எல்லாமே ஆன்லைனில் கிடைக்கின்றன. ஒரே கம்பெனியில் நடுத்தரம் ஒன்று, நைசு ஒன்று. முதல் தடவைக்கு இரண்டு பாட்டில் போதும்.

நாள், இடம், மின்சாரம்

ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் அடிக்கும்போது வெளியில் பாலிஷ் போடாதீர்கள். தனுஷ்கோடி ரோட்டையே மணல் மூடும் காற்று அது. பேடுக்கும் பெயின்டுக்கும் நடுவே ஒரு மணல் புகுந்தால், நிமிடத்துக்கு நாலாயிரம் தடவை அதை நீங்களே தேய்க்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் வேண்டாம். தை, மாசி நல்ல காலம். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் நிறுத்தினால் தகடு சூடாகாது. புறங்கையைப் பானட்டில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் அன்று வேலை முடிந்தது.

போர்டிகோ இல்லையென்றால் காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள், தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள். வேப்ப மரத்து நிழல் குளுமைதான், ஆனால் காக்காய் உட்காரும்.

800 வாட்ஸ் மெஷின் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண ஐந்து ஆம்ப் பிளக்கே போதும். எக்ஸ்டென்ஷன் ஒயர்தான் கனமாக வேண்டும், 1.5 சதுர மி.மீ. சீரியல் பல்புக்குப் போடும் ஒயரை இழுத்தால் மெஷின் திணறும், ஒயர் சூடாகும். பூமித் தொடர்பு உள்ள மூன்று கால் பிளக்கா என்று பாருங்கள், தரை ஈரமாக இருக்கப்போகிறது. ஒயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். தரையில் இழுத்த ஒயர் மணலைச் சேர்த்துக்கொண்டு கதவில் உரசும்.

கழுவுதல்

நம்ம ஊரில் இதுதான் பெரிய பஞ்சாயத்து. தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தண்ணீர் தள்ளிப் போகும் தெருவில், குடிக்க வரும் காவிரித் தண்ணீரில் கார் கழுவினால் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். பேசவும் வேண்டும். அதனால் மணலைப் போக்கப் போர் தண்ணீரைத் தாராளமாக அடியுங்கள். கை வைக்காமல், மேலிருந்து கீழே. பிறகு கார் ஷாம்பு, இரண்டு வாளி. ஒன்றில் நுரை, மற்றதில் கையுறையை அலச. உப்புத் தண்ணீர் காயும் முன்பே கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கைப்பம்பு ஸ்பிரேயரில் ஊற்றி வண்டி முழுக்கத் தெளித்து, மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள். ஒரு குடம் போதும், பார்த்துவிட்டேன்.

கழுவிய பானட்டின் மேல் பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டித் தடவுங்கள். சொரசொரவென்றால், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி, க்ளே பார் வேண்டும். ஷாம்புத் தண்ணீரை வழுவழுப்புக்குத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுத்து, அழுக்கு தெரியத் தெரிய மடித்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள். ஊதிவிட்டு எடுத்துக்கொள்ள அது ஜிலேபி இல்லை.

அதன்பின் மாஸ்கிங் டேப். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், எம்பளம், கூர்மையான மடிப்புகள் எல்லாவற்றிலும்.

இரண்டடிக்கு இரண்டடி

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பெயின்டைக் கெடுப்பவர்கள். பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் போட்டுக் கட்டம் கட்டுங்கள். வண்டி முழுவதற்கும் எந்தச் சேர்க்கை சரி என்று அந்தக் கட்டம்தான் சொல்ல வேண்டும்.

மிதமானதில் தொடங்குங்கள். நைசு காம்பவுண்ட், பாலிஷிங் பேட். புதுப் பேடாக இருந்தால் முகம் முழுக்க விரலால் மெல்லியதாகப் பூசிவிட்டு, மேலே பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை ஓடவிடாமலே பேடைக் கட்டத்தில் நாலு இடத்தில் ஒற்றுங்கள். அணைக்காமல் தூக்கினால் சுவர், சட்டை, கண்ணாடி எல்லாம் புள்ளி. வேகம் ஒன்றில் வைத்துப் பரப்பி, நாலுக்கோ ஐந்துக்கோ ஏற்றுங்கள். இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடியபடி. விநாடிக்கு ஓர் அங்குலம். புதிதாகச் செய்கிறவர் எல்லோரும் வேகமாகத்தான் ஓட்டுவார்கள். கல்யாண வீட்டில் கோலத்துக்கு இழை இழுக்கிறவரின் நிதானம் வேண்டும்.

பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். ஒரே இடத்தில் நடுங்கி நின்றால் சுழற்சி நின்றுவிட்டது. அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது பேடைத் தட்டையாகப் பிடியுங்கள். மெஷினின் எடையும் கையின் எடையும் போதும். கட்டம் முழுக்க இப்படி நாலு முதல் ஆறு தடவை போய், காம்பவுண்ட் கண்ணாடி மாதிரி ஆகும்போது நிறுத்துங்கள்.

துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்து இன்னொரு முறை துடையுங்கள். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துப் பொய் சொல்லும், இது அதைக் கழற்றிவிடும். இப்போது டார்ச். பத்தில் ஏழு கீறல் போயிருந்தால் அதுவே உங்கள் சேர்க்கை. வண்டி முழுக்க அதையே போடுங்கள். பத்தில் மூன்றுதான் போயிருந்தால் பேடை மாற்றாமல் முதலில் காம்பவுண்டை நடுத்தரத்துக்கு மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால்தான் கட்டிங் பேட். பத்துக்குப் பத்து எடுப்பேன் என்று யாராவது கடை போட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தக் கடைசி மூன்று கீறலுக்காகப் போகும் தோல், அடுத்த பத்து வருட உப்புக்கு வேண்டும்.

பழைய வண்டியென்றால் பேடில் வண்டியின் நிறமே ஏறும். பயந்துவிடாதீர்கள், அது கிளியர்கோட் இல்லாத பழைய பெயின்ட். மாருதி 800 காலத்துச் சிவப்பில் இது சகஜம். கிளியர்கோட் உள்ள புது வண்டியில் நிறம் வந்தால் மட்டும் அந்த நொடியே நிறுத்துங்கள்.

வண்டி முழுக்க

கூரை, பானட், டிக்கி, பிறகு பக்கங்கள். ஒவ்வொரு இரண்டடி முடிந்ததும் மெஷினை மெதுவாக ஓடவிட்டு, நைலான் பிரஷை பேடில் பிடியுங்கள். வெள்ளைத் தூள் பறக்கும். பறக்கவில்லை என்றால் பேடை மாற்றும் நேரம். ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. டிசையருக்கு எனக்கு மூன்று காலைகள் ஆயின.

பம்பரும் ஸ்கூட்டர் உடம்பும் பிளாஸ்டிக். இரும்புத் தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகத்தை மூன்றாக இறக்கி, எத்தனை தடவை போகிறோம் என்பதையும் குறையுங்கள். பெயின்ட் கனம் பார்க்கும் சாதாரண மீட்டரும் பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது, அங்கே கண்ணும் கையும்தான். மேட் பெயின்ட் அடித்த பைக் பக்கம் பாலிஷரோடு போகவே போகாதீர்கள். ஒருமுறை பளபளத்துவிட்டால் மறுபடி மேட் ஆகாது.

மஞ்சளடித்த ஹெட்லைட்டை இதே மெஷினில் தெளியவைக்கலாம். 1,000, 2,000, 3,000 நம்பர் காகிதங்களில் தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டுப் பாலிஷ். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு மேலே போடாவிட்டால், நம்ம வெயிலில் மறுபடி மஞ்சள் ஏறிவிடும்.

கடைசியாக, போட்ட பாலிஷைக் காக்கும் மேல்பூச்சு: வாக்ஸ் என்ற மெழுகோ, சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சோ. நான் சீலன்ட் பக்கம், நம் வெயிலில் வாக்ஸ் சீக்கிரம் கரைகிறது. செராமிக் கோட்டிங் போட்டால் துருவே பிடிக்காது என்பவரை நம்பாதீர்கள். துரு வருவது கீழேயிருந்து. கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் இருக்கும், மணல் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். அரிச்சல்முனை போய்வந்த அன்றே வண்டியின் அடிவயிற்றுக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள்.

பேடும் மெஷினும் பத்து வருடம் உழைக்க

வேலை முடிந்த அரை மணிக்குள் பேடை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் அழுத்தி அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் வெல்க்ரோ பிரிந்துவிடும். வெயிலில் கொடியில் போடாதீர்கள். பசை இளகும், கொண்டல் காற்று உப்பையும் தூசியையும் கொண்டுவந்து பேடுக்குள் திணிக்கும். வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில், முகம் கீழே பார்க்க வைத்து, காய்ந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போடுங்கள். மெஷினின் காற்றோட்ட ஓட்டைகளைப் பிரஷால் தட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நாலு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வருமே, அதே பொட்டலம்தான்.

ஃபேனுக்கு அடியில் எட்டுப் பேடும் வரிசையாகக் கிடப்பதை அம்மா பார்த்துவிட்டு, "இத்தன ஸ்பாஞ்சு வச்சிருக்கியே, பாத்திரம் கழுவ ஒண்ணு குடேன்டா" என்றார். காம்பவுண்ட் ஏறியதைப் பாத்திரத்துக்குக் கொடுக்க முடியாதே. மறுநாள் சந்தையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வெல்க்ரோ கிழிந்த கட்டிங் பேட் இப்போது அப்பாவிடம் இருக்கிறது, எக்ஸ்எல் டயரைத் தேய்க்க.